முக்கால் ஹெச்.பி. சாமி

போனை இப்படிக் கொடுங்க தம்பி, பார்க்கலாம். கண்ணாடியைக் காணோமே. சரி, நெற்றியில்தான் இருக்கிறது. ம். படத்தில் கட்டர் லட்சணமாகத்தான் இருக்கிறது. தலை ஒரு ஊத்தப்பம் அகலம். சுற்றிலும் இரும்பைக் கடிக்கிற பல் மாதிரி, தங்கக் கலரில் டிப்பு. ஒன்று, ரெண்டு, மூணு... எட்டு. எட்டு டிப்பா. மெஷினை எங்கே வைத்திருக்கிறதாகச் சொன்னீங்க? மொட்டை மாடியிலா? கீழே யார் குடியிருக்கிறார்கள்? மாமனாரா. அவருக்கு இருதயமெல்லாம் நல்லபடியாக இருக்கிறதா?

சிரிக்காதீங்க, காரணத்தோடுதான் கேட்கிறேன். இந்தக் கோயமுத்தூரில் வீட்டில் இரும்பைச் சீவுகிற சின்ன மில்லிங் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தக் கட்டர் வாங்குவது என்று முழிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் வடவள்ளிக்கு என்னைத் தேடித்தான் வருகிறார்கள். அவினாசியப்பன் என்றால் அப்படி ஒரு பெயர். போன வாரம்கூட ஒருத்தர் ஹைதராபாத்திலிருந்து விமானத்தில் வந்து கேட்டுவிட்டுப் போனார். சரி, பஸ்ஸிலேயே வந்ததாக வைத்துக்கொள்ளுங்க. வந்தாரா இல்லையா? உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம்.

இந்த மாதிரி ஒரு கட்டரை வாங்கி என் மகன் கல்யாணம் எந்த லட்சணத்துக்கு வந்தது என்று கேட்டுவிட்டுப் போய் நீங்க வாங்குங்க. கேட்காமல் வாங்கினால் உங்க மாமனார் பாடு.

நான் கரண்ட் ஆபீஸில் இருந்தவன். இரும்பு வெட்டினவன் இல்லை. ஊர் ஊராகப் போய் லோடு செக் பண்ணுகிற வேலை. தோட்டத்துக்காரர் அஞ்சு ஹெச்.பி. மோட்டாருக்கு அனுமதி வாங்கியிருப்பார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் ஏழரை ஓடிக்கொண்டிருக்கும். "அஞ்சுதானுங்க" என்று பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். எனக்கு எட்டிப் பார்க்கவே வேண்டாம். வாய்க்கால் மேட்டில் நின்று சத்தத்தைக் கேட்டே இத்தனை ஹெச்.பி. என்று சொல்லிவிடுவேன். பல்லடம் பக்கம் என் ஜீப் வருகிறது என்று தெரிந்தால் மோட்டார்கள் தாங்களே நின்றுவிடும். இதில் நான் கூட்டிச் சொல்வது ஒன்றும் இல்லை.

ஆனால் இந்த ஊரில் ஒரு கஷ்டம். எவனைப் பார்த்தாலும் லேத்து, பவுண்டரி, பம்பு என்றுதான் பேசுவான். என் மச்சினன்மார் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார்கள். விசேஷத்துக்குப் போனால் பந்தியில் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, "மாமா, நீங்க ரீடிங் எடுங்க, வேலையை நாங்க பாக்கறோம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே ரசத்தைக் குடிப்பேன். எத்தனை வருஷம்தான் ரசத்தையே குடிப்பது? ரிட்டயர் ஆனதும் இந்தக் கார் ஷெட்டில் கிடந்த காரைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மில்லிங் மெஷினை இறக்கிவிட்டேன். சின்னதுதான். முக்கால் ஹெச்.பி. இதை நான் அப்போது வெளியில் யாரிடமும் சொன்னதில்லை.

கட்டர் வாங்கக் காட்டூரில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் கட்டரை எடுத்து வைத்தார். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், முனையில் ரெண்டே ரெண்டு டிப்பு.

"வீட்டு மெஷினுக்கு இது போதுமுங்க. டிப்பு முனை மழுங்கினா ஸ்க்ரூவைக் கழத்தித் திருப்பிப் போட்டுக்கலாம். இந்த டிப்பு எந்தக் கடையிலயும் கிடைக்கும்."

நான் அதைப் பார்த்தேன். என் மச்சினன்மார் அதைப் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்றும் பார்த்தேன்.

"இதென்னங்க, காது குடையறதுக்கா?" என்றேன். மேல் தட்டில் இருந்தது அந்த எட்டு டிப்புக்காரன். கிரீடம் மாதிரி. "அதை எடுங்க."

"அது பெரிய மெஷினுக்குங்க. உங்க மெஷின் எத்தனை ஹெச்.பி.ங்க?"

தம்பி, வேலைக்காலம் முழுக்க ஊரையே நான் கேட்ட கேள்வி அது. என்னை ஒருத்தர் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"மூணு" என்றேன்.

கடைக்காரர் ஏனோ என் செருப்பைப் பார்த்தார். "மூணுங்களா?"

"மூணரையே வரும். கம்பெனிக்காரன் குறைச்சுப் போட்டிருக்கான்."

ஊரில் எல்லாரும் ஹெச்.பி.யைக் குறைத்துச் சொல்லித்தான் மாட்டினார்கள். நான் கூட்டியல்லவா சொன்னேன். கூட்டிச் சொன்னால் குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. நான் படித்தவன், எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து எட்டு டிப்பையும் நானே மாட்டினேன். டிப்பைப் பிடிக்கிற ஸ்க்ரூ கடுகை விடக் கொஞ்சம் பெரிது. அதன் தலையில் நட்சத்திரம் மாதிரி ஒரு குழி. அதற்கென்று ஒரு நட்சத்திரச் சாவியும் கொடுத்திருந்தார்கள். ஏழு டிப்பை முடித்ததும் சாவி கைதவறி மெஷினுக்கு அடியில் போய்விட்டது. குனிந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் அல்லன் கீ கிடந்தது. அதற்கும் ஆறு மூலை, இதற்கும் ஆறு மூலை, என்ன பெரிய வித்தியாசம் என்று எட்டாவது ஸ்க்ரூவை அதைக்கொண்டே இறுக்கினேன். கொஞ்சம் வழுக்கியது. இன்னும் இறுக்கினேன். இன்னும் வழுக்கியது. நட்சத்திரம் தேய்ந்து தேய்ந்து பௌர்ணமி ஆகிவிட்டது. நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரு இரும்புப் பட்டையை வைஸில் கடிக்கவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

இப்போது நான் சொல்கிறதை நீங்க நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. எட்டு டிப்பும் ஆளுக்கு ஒரு வாய் கேட்கிறது. மெஷினிடம் மொத்தமே ஒரு வாய்ச் சோறுதான் இருக்கிறது. அது என்ன செய்யும்? ஆடும். முதலில் ஷெட்டுக் கூரை கிடுகிடுத்தது. பிறகு அடுப்பங்கரையில் அலமாரியிலிருந்து டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்தன. தெருவில் அத்தனை வீட்டு ஃபேனும் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னவென்று எட்டிப் பார்த்தன. பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு தாசில்தார் ஐயா பல்செட்டைத் தண்ணீரில் கழற்றிப் போட்டுவிட்டு மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பல்செட் டம்ளருக்குள் இருந்தபடியே கடகடவென்று பேச ஆரம்பித்து, சர்வீஸில் அவர் யாரிடமும் சொல்லாத விஷயங்களையெல்லாம் அவர் சம்சாரத்திடம் சொல்லிவிட்டதாம். மெஷின் ஸ்டாண்டோடு கிளம்பி கேட் வரைக்கும் நடந்தது. வயர் நீளம் அவ்வளவுதான். இன்னும் நீளமாக இருந்திருந்தால் மருதமலை ஏறியிருக்கும்.

வெட்டின இரும்பைத் தடவிப் பார்த்தேன். தகரக் கூரை மாதிரி வரிவரியாக இருந்தது.

என் சம்சாரம் சௌந்தரம் கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். லேத்துக்காரர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்தும் மெஷின் என்றால் அவளுக்கு ஒரு மரியாதை கிடையாது. ரொம்ப நிதானமாகக் கேட்டாள். அவள் நிதானமாகக் கேட்டால் நான் சட்டையை மாட்டிக்கொள்வேன்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை உடுமலையிலிருந்து வீடு பாக்க வர்றாங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நவநீதன் என் ஒரே மகன். இங்கேயே வடவள்ளியில், நடந்து போகிற தூரத்தில் பாங்க் வேலை. முப்பத்திநாலு முடிந்துவிட்டது. ஜாதகம் ஒத்துவந்தால் பெண்ணுக்குப் பெங்களூர் மாப்பிள்ளை வேண்டும். பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் செவ்வாய் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். எங்களைக் கண்டால் தரகர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்துவிட்டார். அப்படி இருக்கும்போது உடுமலையிலிருந்து தாரணியின் ஜாதகம் வந்தது. பொருந்தியது. போட்டோ வந்தது, பிடித்தது. அவளுக்கும் இவனைப் பிடித்துவிட்டது. பையன் பாங்கிலிருந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவான். பாங்கில் வேலை செய்கிற ஒருத்தன் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

பாக்கி இருந்தது பெண்ணின் அப்பா திருமூர்த்தி மட்டும்தான். உடுமலையில் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். கீழே கொப்பரை ஆட்டுகிற மெஷின்கள், மேலே வீடு. தாரணி தொட்டிலிலிருந்தே அந்தச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவள். தூங்காமல் வளர்ந்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் போனிலேயே சொல்லிவிட்டார்.

"நகை நட்டு, காரு பங்களா ஒன்னும் நான் கேக்கலீங்க. எம் பொண்ணு போற வூட்டுல சத்தம் இருக்கக் கூடாது. அவ ஒரு நாளாச்சும் நிம்மதியாத் தூங்கோணும். அதை என் காதால கேட்டுப் பாத்துட்டுத்தான் நான் கை நனைப்பேன்."

நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே. பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தால், சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவார்கள். மனசில்லை என்றால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். வாய் திறந்து வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை நனைத்தால் கல்யாணம். நனைக்காவிட்டால் மறுபடியும் தரகர் பின்னால் ஓட வேண்டியதுதான்.

"அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் அந்த மெஷின்ல நீங்க கை வெச்சீங்கன்னா" என்று ஆரம்பித்தாள் சௌந்தரம். முடிக்கவில்லை. எனக்கு முடிக்கத் தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாழை இலை வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பினாள். நுனி இலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தால், ஷெட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிறாள். சேலையை இழுத்துச் செருகியிருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"உள்ள என்ன பண்ணினே?"

"பூ வெச்சேனுங்க."

"கையில என்ன கறுப்பு?"

"கண் மை."

விசேஷ நாள், பொம்பளை மை போடுகிறாள், நான் எதற்குக் குறுக்கே போக வேண்டும்? அடுப்பங்கரையில் தண்ணீர் குடிக்கப் போனால், நான் தொலைத்த நட்சத்திரச் சாவி கரண்டிகளோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஷெட்டிலிருந்து உருண்டு உருண்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்க. மெஷின் ஆடினால் அப்படித்தான்.

ஷெட்டை எட்டிப் பார்த்தேன். மெஷினை நகர்த்த முடியாது, கனம் அப்படி. அதனால் சௌந்தரம் அதற்குத் தன் கல்யாணப் பட்டுச் சேலையைச் சுற்றியிருந்தாள். மேலே செவ்வந்தி மாலை. முன்னால் குத்துவிளக்கு. சுவிட்சுப் பெட்டி இருக்கிற இடத்தில் சந்தனம், குங்குமம். நிஜமாகவே எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பத்தரைக்கு வந்தார்கள். திருமூர்த்தி, அவர் சம்சாரம் ரெண்டே பேர். மில்லுக்குள்ளேயே பேசிப் பழகியவர், அவர் சொன்ன வணக்கம் தெருக்கோடிக்குக் கேட்டது. காப்பியைக் கொடுத்தோம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், பீரோவைப் பார்ப்பார்கள். இவர் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு அறையிலும் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஃபேனைப் போடச் சொல்லிக் கேட்டார். கட்டிலில் என்னை உட்காரச் சொல்லிக் கேட்டார், எழச் சொல்லிக் கேட்டார். பாத்ரூம் குழாய்க்குக் காதைக் கொடுத்தார்.

"பக்கத்து வூட்டுல ஆரு?"

"ரிட்டயர்டு தாசில்தாருங்க."

"மிக்ஸி போடுவாங்களா?"

"இல்லீங்க. ரெண்டு பேருக்கும் இப்பப் பேச்சுவார்த்தையே இல்லை."

"நல்லதுங்க" என்றார்.

பையன் முகத்தில் மெதுவாக வெளிச்சம் ஏறிக்கொண்டு வந்தது. அடுப்பங்கரையில் இலையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தையும் அவர் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் ஷெட்டுப் பக்கம் திரும்பினார்.

உள்ளே விளக்கு எரிகிறது. பட்டுச் சேலை. மாலை. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சாமிங்களா? சொல்லவே இல்லீங்களே. என்ன சாமிங்க?"

நான் சௌந்தரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கரண்ட் ஆபீஸில் எத்தனை பேர் என்னிடம் பொய் சொல்லியிருப்பார்கள், அதில் ஒன்றாவது அந்தச் சமயத்தில் எனக்கு உதவ வேண்டாமா?

"இரும்பாத்தாளுங்க" என்றேன். "எங்க வூட்டுச் சாமி. வெளியில தெரியாது."

"சக்தி உண்டுங்களா?"

"இருக்குதுங்க."

அவர் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திருமூர்த்தி பக்திமான். ஒரு கற்பூரம் கேட்டார். கற்பூரத்தை ஏற்றி, சுற்றி, கீழே வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். விழுந்தவர் எழவில்லை. எங்களுக்கெல்லாம் மெய்சிலிர்த்துவிட்டது. மனுஷர் எப்படி உருகுகிறார் என்று பார்த்தால், சேலைக் கொசுவத்தை விரலால் லேசாக விலக்கி எதையோ எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

படுத்தபடியே கேட்டார்.

"ஏனுங்க, உங்க சாமி முக்கால் ஹெச்.பி.ங்களா?"

மெஷின் அடிப்பக்கம் ஹெச்.பி. பொறித்த ஒரு தகடு இருக்கிறது தம்பி. கம்பெனிக்காரன் அதை அங்கே அடிக்காவிட்டால் என்ன?

எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். சேலையை அவரே விலக்கினார். எட்டு டிப்புக் கட்டரின் தலை மட்டும் சந்தனத்தோடு எட்டிப் பார்த்தது. எண்ணெய் மில்காரருக்கு மெஷின் என்றால் தெரியாதா?

"ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னா, இது போடற சத்தம் பெருசாத்தான் இருக்கோணும்" என்றார். கோபமில்லை. வருத்தம். "ஓட்டுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

போயிடறேன் என்றார் பாருங்க. சௌந்தரம் கதவைப் பிடித்துக்கொண்டாள். நவநீதன், "அப்பா, கரண்ட் இல்லைன்னு சொல்லுங்க" என்று காதோடு சொன்னான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. அவியல், பருப்பு, அப்பளம், பாயசம். மகனுக்கு முப்பத்திநாலு. என் கை சுவிட்சுக்குப் போகிறது. இரும்பாத்தா, இல்லாத தாயே, இருந்து காப்பாற்று என்று கும்பிட்டுக்கொண்டு, பட்டையின் மேல் கட்டரை இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

சீரகம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்ஸ்ஸ் என்று. கண்ணைத் திறந்தால் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஃபேன்கள் சுற்றுகின்றன. குத்துவிளக்குச் சுடர்கூட ஆடவில்லை. இரும்பு வெள்ளி மாதிரி சுருள் சுருளாக உதிர்கிறது. தாசில்தார் வீட்டில் ஐயா குறட்டை விடுகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கிறது, அவ்வளவு அமைதி.

நிறுத்தினேன். திருமூர்த்தி குனிந்து அந்த இரும்பைப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார். மறுபடி குனிந்து பார்த்து அதிலேயே மீசையை ஒதுக்கிக்கொண்டார், கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மா, இலை போட்டாச்சுங்களா?"

நவநீதன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் அதற்கு ஒரு கால் போனது.

நான் கட்டரைப் பார்த்தேன். எட்டுக் குழியில் ஏழு காலி. ஒரே ஒரு டிப்பு, அந்தப் பௌர்ணமி ஸ்க்ரூக்காரன் மட்டும், தனியாக உட்கார்ந்துகொண்டு எல்லாருடைய வேலையையும் பார்த்திருக்கிறான். எனக்கு ஆச்சரியமே இல்லை. எதிர்பார்த்தது மாதிரிதான் தலையை ஆட்டினேன்.

"அதுதானுங்க சூட்சுமம்" என்று திருமூர்த்தியிடம் சொன்னேன். "எட்டுப் பேரு சேந்து பேசினா சந்தை. ஒருத்தரு பேசினா சங்கீதம். சின்ன மெஷினுக்கு ஒரு டிப்புப் போதும்னு யோசிச்சு யோசிச்சுத்தான் விட்டிருக்கேன்."

"மூளைங்க உங்களுக்கு" என்றார்.

இலையில் உட்கார்ந்தார். தண்ணீரை எடுத்துக் கையை நனைத்தார். பருப்பைப் பிசைந்தார். அப்பளம் நொறுங்கியது, நான் என் காதால் கேட்டேன். கல்யாணம் முடிந்த மாதிரிதான். சௌந்தரம் எனக்குக் குழம்பு ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "அந்த எட்டாவது ஒன்னு மட்டும் எப்படித் திருகினாலும் கழலவே இல்லீங்க. அதை என்னதான் பண்ணி வெச்சீங்க?" என்றாள். பாருங்க, நான் முன்யோசனையோடு அதை இறுக்கியிருந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். மற்ற ஏழும் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சி வெற்றி. அதற்குமேல் சில்லறை விஷயம் எதற்கு?

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்குங்க. வீட்டு மெஷினுக்குக் கட்டர் தலை சின்னதாக இருக்க வேண்டும். ரெண்டு டிப்பு, மிஞ்சினால் மூணு. டிப்பு விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். அலுமினியத்துக்கென்று பளபளவென்று தீட்டின டிப்பு விற்கிறான், அதையே வாங்கி இரும்பில் போடுங்க, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வெண்ணெய் மாதிரி வரும். மொண்ணை விளிம்பாகத் தடியாக இருப்பதெல்லாம் பெரிய மெஷின் தள்ளுகிற தள்ளுக்குச் செய்தது. அப்புறம் எல்லாக் கடையிலும் கிடைக்கிற டிப்பாகப் பார்த்து வாங்குங்க. காட்டூர்க் கடைக்காரர் காட்டினதுதானே என்கிறீங்களா? அவர் காட்டினார், சரி. காரணத்தை யார் கண்டுபிடித்தது? முக்கியமாக, ஹெச்.பி. கேட்டால் உள்ளதைச் சொல்லுங்க. இப்போது நான் எல்லாரிடமும் முக்கால் என்றுதான் சொல்கிறேன். நீங்க ஒன்றரை வைத்திருக்கிறதாகச் சொன்னீங்களே, நிஜமாகவா? சரி சரி.

கல்யாணம் பேரூரில் ஜாம்ஜாம் என்று நடந்தது. என் மச்சினன்மார் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவே இல்லை. எப்படி உட்காருவார்கள்? சம்பந்தி அவர்களை நிற்கவைத்து ஒரு டிப்பு சூட்சுமத்தை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சாதாரணமாகப் பேசினாலே எல்லாருக்கும் கேட்கும்.

அதிலிருந்து சம்பந்திக்கு இந்த ஷெட்தான் கதி. மில்லை ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாரத்தில் பாதி நாள் இங்கேதான். ஆரம்பத்தில் ரெண்டு பேரும் ஒரு டிப்பைப் போட்டு ஸ்ஸ்ஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் ஆயுசு முழுக்க எண்ணெய் மில்லில் இருந்தவர் பாருங்க. ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

"சம்பந்தி, நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது. சத்தமே இல்லாம ஓடினா, வேலை நடக்கற மாதிரியே இல்லீங்க எனக்கு. ராத்திரி தூக்கம் வர மாட்டீங்குது."

எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. மரியாதைக்குச் சொல்லாமல் இருந்தேன். அவர் ஒரு டிப்பு வாங்கிவந்தார், போட்டோம். இன்னொன்று வாங்கினார். நாலாவது போட்டதும் டம்ளர்கள் இறங்க ஆரம்பித்தன. சம்பந்தி முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொந்த ஊருக்குத் திரும்பினவர் மாதிரி இருந்தார்.

பசங்களா? அவர்கள் சரவணம்பட்டியில் தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார்கள். ஆபீஸுக்குப் பக்கம் என்றார்கள். ஆபீஸ் என்னவோ இங்கே அடுத்த தெருவில்தான், ஆனால் அங்கே காற்று நல்லா வருகிறதாம், அந்தக் காற்றிலேயே பையன் பாங்குக்கு வந்துவிடுவான் போலிருக்கிறது. சௌந்தரமும் அங்கேதான். மருமகளுக்கு ரசம் வைக்கச் சொல்லித் தருகிறேன் என்று போனாள். ரசத்தில் என்ன அவ்வளவு இருக்கிறதோ, இன்னும் முடியவில்லை. சம்பந்தியம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கும் ரசம் வராதாம். தாசில்தார் ஐயாவும் அவர் சம்சாரமும் சமாதானமாகி, வீட்டைப் பூட்டிக்கொண்டு காசிக்குப் போய்விட்டார்கள். எங்களால் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்தது. நேற்று மருமகள் போன் பண்ணினாள். "மாமா, இங்க ரொம்ப நிம்மதியா இருக்குது, காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கறேன்" என்றாள். சம்பந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்ல எடத்துலதான் குடுத்திருக்கேன் சம்பந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? அவர்தான். கையில் என்ன பொட்டலம் என்று பாருங்க. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறார். பன்னிரண்டு டிப்பாம், நேற்றே போனில் சொன்னார். கடைக்காரர் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டதற்கு இவர் பத்து என்று சொல்லிவிட்டாராம்.

நீங்க எங்கே எழுந்திருக்கிறீங்க? உட்காருங்க தம்பி. வந்த காரியத்தில் இன்னும் ஏதாவது சந்தேகம் இருந்தால் இப்பவே கேட்டுக்குங்க. அவர் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டுவிட்டால், நீங்க என்ன கேட்டாலும் எங்க ரெண்டு பேருக்கும் காதில் விழாது.